ஐடா ஸ்கடர்: ஒரு டாக்டரம்மா போதாது என்று புரிந்துகொண்டவரின் கதை

காலை எட்டு மணிக்கு புதுச்சேரி - விழுப்புரம் சாலையில், திருபுவனை பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கம்பெனிக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், இவர்களுக்கு நடுவே வெள்ளை கோட்டை மடித்துக் கையில் வைத்திருக்கும் மாணவிகளும் இருப்பார்கள். பக்கத்து மதகடிப்பட்டிலேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எம்பிபிஎஸ், நர்சிங், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி என்று ஏதோ ஒன்று படிக்கிற பெண் இல்லாத தெரு இன்று இந்தப் பக்கம் குறைவு.

ஆனால் சுமார் 130 வருடங்களுக்கு முன்னால், இங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற திண்டிவனத்தில், பிரசவ வலியில் துடித்த பெண்ணைப் பார்க்க ஒரு பெண் டாக்டர்கூட இல்லை. ஒரே இரவில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்த இரவு ஓர் இளம்பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது.

அவர்தான் ஐடா ஸ்கடர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையை உருவாக்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான ஒன்று அவர் வாழ்க்கையில் இருக்கிறது. தான் எவ்வளவு உழைத்தாலும் தனி ஆளாக இது ஆகாது என்று புரிந்துகொண்டு, மருத்துவம் படிக்கும் பெண்களை ஒரு கூட்டமாக உருவாக்கினார். இன்று நர்சிங், மருத்துவ மாணவர்களுக்கு இருக்கிற சங்கங்கள், அமைப்புகள் எல்லாம் எதற்கு என்று கேட்டால், அதற்கான பதில் இவர் கதையில் இருக்கிறது.

யார் இந்த ஐடா?

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா ஜான் ஸ்கடர், அமெரிக்க ஆற்காடு மிஷனின் டாக்டர். அம்மா சோபியா. தாத்தாவின் பெயரும் ஜான் ஸ்கடர்தான். அவர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணம் வந்து, பிறகு சென்னைக்கு மாறியவர். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு வந்த முதல் மிஷனரி மருத்துவர் அவர். அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பலரும் இந்தியாவில் மிஷன் வேலைக்கே வந்தார்கள்.

அப்படியொரு குடும்பத்தில் பிறந்தால் என்ன ஆகும்? வீட்டில் எல்லோரும் நம் எதிர்காலத்தை நமக்கு முன்னாடியே முடிவு செய்துவிடுவார்கள். ஐடாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில், ஐடா சின்னக் குழந்தை. எலும்பும் தோலுமாக வந்து நின்ற குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த அனுபவம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. சில வருடங்களில் பெற்றோர் மறுபடி இந்தியா திரும்பினார்கள். ஐடா மட்டும் அங்கே உறவினர் வீட்டில் விடப்பட்டார். இந்தியா என்றாலே அவருக்குப் பஞ்சமும் பிரிவும்தான் ஞாபகம் வந்தன. நல்லதொரு அமெரிக்க மாப்பிள்ளை, வசதியான வீடு, இதுதான் அவருடைய கனவு.

பக்கத்திலேயே நடந்தது, அவர் சேரவில்லை

அமெரிக்காவில் ஐடா படித்தது நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் மூடி என்ற கிறிஸ்தவ சொற்பொழிவாளர் நடத்திய பள்ளி அது. ஆண்களுக்காக அவரே நடத்திய இன்னொரு பள்ளி பக்கத்தில் மவுண்ட் ஹெர்மனில் இருந்தது.

அந்த மவுண்ட் ஹெர்மனில் 1886 கோடையில் கல்லூரி மாணவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. முடிவதற்குள் 100 மாணவர்கள் வெளிநாட்டு மிஷன் வேலைக்குப் போகத் தயார் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'மாணவர் தன்னார்வ இயக்கம்'. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்களை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பியது அந்த இயக்கம். அதில் டாக்டர்களும் நர்ஸ்களும் ஏராளம்.

ஒரு மாணவர் அமைப்பால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அந்தச் சூழலில் வளர்ந்தும் ஐடா அந்தப் பக்கம் போகவில்லை. மிஷனரி குடும்பத்துப் பெண் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எரிச்சல்படுகிற, குறும்பு செய்து மாட்டிக்கொள்கிற மாணவியாகத்தான் இருந்தார். ஆர்வம் இல்லாத ஒருவரை எந்த இயக்கமும் இழுத்துப் போட முடியாது. அவருக்குக் காரணம் வேறு இடத்தில் கிடைத்தது.

திண்டிவனத்தில் அந்த இரவு

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. சும்மா கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா கப்பல் ஏறினார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். அன்றைக்கு திருபுவனை, வில்லியனூர் எல்லாம் பிரெஞ்சு ஆட்சியில். திண்டிவனம் பிரிட்டிஷ் ஆட்சியில். கொடிதான் வேறு, பெண்கள் நிலைமையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஓர் இரவு, அறையில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார் ஐடா. ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியால் முடியவில்லை, நீங்கள் வர வேண்டும் என்று கெஞ்சினார். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அவர் சம்மதிக்கவில்லை. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பதை அவர்கள் வழக்கம் அனுமதிக்காது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர். அங்கேயும் அதேதான். மதம், சாதிப் பின்னணி வேறு வேறாக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூவரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

விடிந்தபோது பறைச் சத்தம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் அன்று டாக்டர் இருந்தார். மருந்து இருந்தது. வீட்டுக்கு வர அவர் தயாராகவும் இருந்தார். அப்படியும் மூன்று உயிர் போனது. சிகிச்சை பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதைத் தருகிற ஆளை நோயாளி வீடு ஏற்றுக்கொள்ள வேண்டும். பொது சுகாதாரத்தில் இன்றைக்கும் பேசப்படுகிற பிரச்சினைதான் இது. ஐடாவுக்கு அது அந்த ஒரே இரவில் புரிந்துவிட்டது. காலையில் பெற்றோரிடம் போய், நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அறிவித்தார்.

தனி ஆள் டாக்டர்

1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-ல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் என்று அறிவித்ததும், அங்கே மாறினார். 1899-ல் பட்டம்.

இந்தியா கிளம்புவதற்கு முன்னால் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை கட்ட நிதி திரட்டச் சொன்னார்கள். ராபர்ட் ஷெல் என்ற வங்கி அதிபர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900 ஜனவரியில், தோழி ஆனி ஹான்காக்குடன் ஐடா வந்து இறங்கினார்.

அப்பாவிடம் இருந்து தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அதே வருடம் அப்பா இறந்துவிட்டார். கையில் புதுப் பட்டம், கூடவே வழிகாட்ட ஆள் இல்லை. பங்களாவிலேயே ஒரு சிறிய அறையில் வைத்தியம் ஆரம்பித்தார். வீட்டு வேலையில் இருந்த சலோமி என்ற உள்ளூர்ப் பெண்தான் முதல் உதவியாளர். கொதிக்க வைத்த தண்ணீரில் கருவிகளைச் சுத்தம் செய்வதிலிருந்து கட்டுப் போடுவது வரை சலோமிக்கு ஐடாவே சொல்லிக்கொடுத்தார். யோசித்துப் பார்த்தால், வேலூரின் முதல் மாணவி அவர்தான்.

இரண்டே வருடத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகள். 1902-ல் 40 படுக்கையுடன் ஷெல் மருத்துவமனை திறந்தது. அறுவை சிகிச்சை, பிரசவம், காலரா, பிளேக், எல்லாவற்றுக்கும் ஒரே டாக்டரம்மா.

இங்கேதான் கணக்கு இடித்தது. எத்தனை மணி நேரம் வேலை செய்தாலும், வேலூர் டவுனுக்கு வர முடிந்தவர்களைத்தான் பார்க்க முடிந்தது. கிராமத்தில் இருந்த பெண்களுக்கு நிலைமை திண்டிவனம் மாதிரியே இருந்தது. அதனால் வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் கிளம்பினார். முதலில் மாட்டுவண்டி, பிறகு 1909-ல் ஒரு சின்ன கார். மரத்தடியில் நிறுத்தி, வரிசையாக நோயாளிகளைப் பார்த்து, அடுத்த மரத்தடிக்குப் போவார்கள். 'ரோட்சைடு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய மொபைல் கிளினிக்குகளுக்கு முன்னோடி அது.

அப்படியும் போதவில்லை. ஒரு ஐடா எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? இதற்கு ஒரே வழி, உள்ளூர்ப் பெண்களையே டாக்டராகவும் நர்ஸாகவும் ஆக்குவதுதான் என்ற முடிவுக்கு வந்தார்.

அப்போது பெண்கள் மருத்துவம் படிக்கவே முடியாதா?

முடியும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்தது. மேரி ஷார்லீப் உட்பட நான்கு பேர் அந்த வருடம் சேர்ந்தார்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அங்கே படித்து 1912-ல் டாக்டரானார். லூதியானாவில் எடித் பிரவுன் 1894-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். டெல்லியில் 1916-ல் லேடி ஹார்டிங் கல்லூரி வந்தது. நம் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். ஜிப்மர் தன் வேர் என்று சொல்வது அதைத்தான்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே போகிற பெண் பெரும்பாலும் தனியாகப் போக வேண்டியிருந்தது. வகுப்பு முழுக்க ஆண்கள், தங்குவதற்கு இடம் இல்லை, சந்தேகம் கேட்க சீனியர் அக்கா இல்லை. ஊரில் பேச்சு வேறு. முத்துலட்சுமி மாதிரி அசாத்திய மன உறுதியும் அப்பாவின் ஆதரவும் இருந்தவர்கள் தாண்டி வந்தார்கள். சாதாரண வீட்டுப் பெண்? அவளுக்கும் படிக்க வழி வேண்டும் என்றால், அவள் மாதிரியே இன்னும் பத்துப் பேர் கூட இருக்க வேண்டும்.

ஐடா முதலில் நர்ஸ்களில் ஆரம்பித்தார். 1909-ல் டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸின் துணையோடு வேலூரில் நர்சிங் பள்ளி தொடங்கியது. நர்ஸ் வேலை என்றாலே முகம் சுளித்த காலம் அது. நோயாளியைத் தொட வேண்டும், கழிவை எடுக்க வேண்டும், இரவு டியூட்டி பார்க்க வேண்டும். கல்யாணச் சந்தையில் இதற்கு மதிப்பு இல்லை. அதனால் முதலில் வந்தவர்களில் பலர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள், ஆதரவற்றவர்கள், இளம் விதவைகள்.

17 பேர் வந்தார்கள், 14 பேர் எழுதினார்கள்

அடுத்தது டாக்டர். பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டு சென்னை அரசிடம் போனார் ஐடா. மாகாணத்தின் மருத்துவத் துறைத் தலைமை அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிய விஷயம் என்று நினைத்தார். ஆறு பேர் கிடைத்தால் ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்று அனுமதித்தார். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

1918 ஆகஸ்ட் 12 அன்று சென்னை கவர்னர் பென்ட்லாண்ட் பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். முதல் வகுப்பில் 17 பெண்கள். எல்எம்பி என்ற டிப்ளமோ படிப்பு. சொந்தக் கட்டடம் கிடையாது, வாடகை வீடுகளில்தான் வகுப்பு. உடற்கூறியல் பாடத்தை ஐடாவே எடுத்தார். காலையில் ஆபரேஷன், நடுவில் வகுப்பு, மாலையில் வார்டு என்று நாள் ஓடியது.

படிப்பு வகுப்பறையோடு நிற்கவில்லை. ரோட்சைடு போகும்போது மாணவிகளையும் அழைத்துப் போனார். புண்ணைக் கழுவுவது, மருந்து கலந்து தருவது, கண் சொட்டு மருந்து விடுவது, கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது எல்லாம் அங்கே பழகினார்கள். எந்த ஊரில் எந்த நோய் அதிகம், ஏன் ஒரு தாய் மருந்தை வாங்கிக்கொண்டு போய்க் குழந்தைக்குக் கொடுக்காமல் விடுகிறாள் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது, இல்லையா?

முதலாண்டு அரசுத் தேர்வு வந்தது. மாகாணம் முழுவதும் ஆண்களுடன் சேர்த்து ஒரே தேர்வு. அந்தத் தலைமை அதிகாரி முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தார்: ஆண்களே நிறையப் பேர் தோற்கிறார்கள், உங்கள் பெண்களில் ஒருவராவது தேறினால் சந்தோஷப்படுங்கள் என்ற தொனியில். முடிவு வந்தபோது ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறியிருந்தார். வேலூரிலிருந்து எழுதிய 14 பேரும் பாஸ். 1922-ல் அந்த 14 பேரும் டாக்டராக வெளியே வந்தார்கள்.

எப்படி இது நடந்தது? அந்தப் பெண்கள் மேதைகள் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக வார்டுக்குப் போய், ஒன்றாகப் படித்தார்கள். ஒருத்தி சோர்ந்தால் பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி இருந்தாள். தனியாகப் படித்த பெண்ணுக்குக் கிடைக்காதது இது. மாணவர் அமைப்பு என்று பெயர்ப் பலகை மாட்டவில்லை. ஆனால் அதன் வேலையை அந்த ஹாஸ்டல் செய்தது.

சட்டம் மாறியது, பள்ளி ஆட்டம் கண்டது

1920-களில் வேலூர் டவுனில் பெரிய மருத்துவமனை எழுந்தது. பாகாயத்தில் 200 ஏக்கரில் கல்லூரி வளாகத்துக்கு 1928-ல் வேலை தொடங்கியது. அமெரிக்காவில் லூசி பீபாடி போன்ற பெண்கள், ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பெரிய அடி விழுந்தது.

1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு எல்எம்பி படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனி டாக்டர் என்றால் பல்கலைக்கழகத்தின் எம்பிபிஎஸ்தான். அரசின் பக்கமும் நியாயம் இருந்தது. கிராமத்துக்கு ஒரு தரம், நகரத்துக்கு ஒரு தரம் என்று இரண்டு வகை டாக்டர்கள் ஏன் இருக்க வேண்டும் என்பது அன்று வலுவான வாதம். ஆனால் வேலூருக்கு அது உயிர்ப் பிரச்சினை. எம்பிபிஎஸ் நடத்த வேண்டுமென்றால் கூடுதல் படுக்கைகள், மேல்படிப்பு முடித்த பேராசிரியர்கள், ஆய்வகங்கள், இதற்கெல்லாம் மலைபோலப் பணம் வேண்டும். புது மாணவிகளைச் சேர்க்க முடியாமல் பள்ளி நின்றது.

ஐடாவுக்கு அப்போது வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில், 1941-ல் நிதி திரட்ட அமெரிக்கா போனார். அங்கே இன்னொரு கேள்வி காத்திருந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் மற்ற மிஷன்களின் ஆதரவும் பணமும் கிடைக்கும், கல்லூரி பிழைக்கும். ஆனால் பெண்களுக்கென்றே பணம் கொடுத்தவர்களுக்கு இது துரோகம். ஐடாவின் நெருங்கிய தோழியான லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். நீண்ட யோசனைக்குப் பிறகு ஐடா, ஆண்களைச் சேர்க்கலாம் என்ற பக்கம் நின்றார். பல வருட நட்பு இதில் உடைந்தது.

சரியா, தவறா? இன்றும் விவாதிக்கலாம். பெண்களுக்கு மட்டுமான ஓர் இடம் போனது உண்மை. அந்த இடம் முழுவதுமாக மூடப்படாமல் தப்பித்ததும் உண்மை. 1942-ல் எம்பிபிஎஸ் வகுப்பு தொடங்கியது. 1946-ல் நர்சிங் பள்ளி, பட்டம் தரும் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் முதன்முதலாகத் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று. 1947-ல் எம்பிபிஎஸ் படிக்க முதல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். அடுத்த வருடம் இந்தியப் பெண் மருத்துவரான ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றார்.

ஐடா கொடைக்கானலில் குடியேறினார். 1960 மே 24 அன்று, 89 வயதில் அங்கே காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அவர் மிஷனரி. மதப் பிரச்சாரமும் வைத்தியமும் அந்தக் காலத்தில் ஒன்றாகத்தான் நடந்தன. அதன் மீது அப்போதே விமர்சனமும் இருந்தது. ஆனால் இன்று 2,000-க்கும் அதிகமான படுக்கைகளோடு நிற்கிற அந்த மருத்துவமனை வாசலில் நிற்கிறவர்கள் எல்லா மதத்திலிருந்தும், எல்லா மாநிலத்திலிருந்தும் வருகிறவர்கள்.

இன்றைய மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நர்சிங் படிக்கிறவர்களுக்கு எஸ்என்ஏ என்ற பெயர் பழக்கமாக இருக்கும். மாணவர் செவிலியர் சங்கம். 1908-ல் தொடங்கிய இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் கீழ் 1929-ல் உருவானது. கல்லூரிக்கு ஒரு கிளை, அதில் மாணவர்களே நிர்வாகிகள். பேச்சுப் போட்டி, கண்காட்சி, மாநாடு என்று மட்டும் நினைக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் தாய்ச் சங்கத்தில் உறுப்பினராகலாம் என்பதால், முதல் வேலைக்குப் போகும் பெண் தொழிலுக்குள் தனி ஆளாக நுழைய வேண்டியதில்லை.

உலக அளவில் மருத்துவ மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1951-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கியது. அமெரிக்காவில் மாணவர்களுக்காக 1976-ல் ஹோசா என்ற அமைப்பு வந்தது. டாக்டர், நர்ஸ், லேப் வேலை என்று எது நமக்கு ஒத்துவரும் என்பதைப் பள்ளியிலேயே பழகிப் பார்க்க அது உதவுகிறது. நம் ஊர் பிளஸ் டூ மாணவிக்கு இன்றைக்கு நீட் கோச்சிங் சென்டர் கிடைக்கிறது. மருத்துவத் துறையில் எம்பிபிஎஸ் தவிர இன்னும் எத்தனை வேலை இருக்கிறது என்று சொல்லித்தர அக்கா ஒருத்தி கிடைப்பதுதான் கஷ்டம்.

இதெல்லாம் எதற்கு, மார்க் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். ஐடாவின் கதையை வைத்துப் பார்த்தால் மாணவர் அமைப்பு மூன்று வேலைகளைச் செய்கிறது.

ஒன்று, தனிமையை உடைக்கிறது. வீட்டில் முதல் தலைமுறையாக மருத்துவம் படிக்க வருகிற பெண்ணுக்குப் பாடம் மட்டும் கஷ்டம் இல்லை. முதல் பிணத்தைப் பார்த்த இரவு, முதல் நோயாளி இறந்த இரவு, ஆங்கிலம் புரியாத வகுப்பு, இதையெல்லாம் அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாது. கூடப் படிக்கிறவரிடம் சொல்லலாம்.

இரண்டு, ஊருக்குள் இறக்குகிறது. ரோட்சைடின் வேலையை இன்று கிராம முகாம்கள் செய்கின்றன. வேலூரில் இப்போதும் மாணவர்கள் பக்கத்து கிராமங்களில் தங்கி, வீடு வீடாகப் போய் மக்களைத் தெரிந்துகொள்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையமும் எம்பிபிஎஸ் மாணவர் ஒவ்வொருவரும் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்பு முழுவதும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. இதை வெறும் ரெக்கார்டு நோட்டு வேலையாக முடிப்பதா, உண்மையிலேயே அந்தக் குடும்பத்தோடு பழகுவதா என்பது மாணவர்கள் குழுவாக எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மூன்று, குரல் கொடுக்கிறது. சட்டம் மாறும்போது, விதி மாறும்போது பாதிக்கப்படுகிறவர்கள் மாணவர்கள்தான். எல்எம்பி விவகாரத்தில் வேலூருக்காக ஒரு பாட்டி கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஸ்டைபண்டு, டியூட்டி நேரம், ஹாஸ்டல் பாதுகாப்பு என்று இன்று எதைக் கேட்பதாக இருந்தாலும், ஒருவர் கேட்பதற்கும் ஒரு சங்கம் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

திருபுவனையிலிருந்து பார்த்தால்

கல்வி நிலையம் திருபுவனைக்குப் புதிதில்லை. இங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1048-ஐச் சேர்ந்தது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள் கொண்ட ஒரு கல்லூரி இங்கே நடந்ததை அது சொல்கிறது. ஆசிரியரும் மாணவரும் ஊர்க் குழு வேலைகளில் ஈடுபடத் தேவையில்லை என்ற விலக்கும் கொடுத்திருந்தார்கள். படிக்கிறவர் படிப்பை மட்டும் பார்க்கட்டும், செலவை ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வேதம் ஓதுகிற ஆண்களுக்கானது. அதே அக்கறை ஒரு கிராமத்துப் பெண்ணின் படிப்புக்கும் கிடைக்கக் கிட்டத்தட்ட 900 வருடங்கள் ஆயின.

திண்டிவனத்தில் அன்றிரவு மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். உள்ளே இருந்த பெண்ணுக்கு மருத்துவம் தெரியாது. இன்று திருபுவனைப் பக்கத்துத் தெருக்களில் கதவைத் தட்டுவது மாணவிகள். கையில் பிபி மெஷினும் நோட்டும் இருக்கும். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்களா, அடுத்த செக்கப் எப்போது என்று கேட்பார்கள்.

சின்னப் பிள்ளைகள்தானே என்று வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லி, ஒரு சொம்பு தண்ணி கொடுத்து, கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். வேலூரின் அந்த 14 பேரும் இப்படி ஊர் ஊராகப் போய்த்தான் டாக்டர் ஆனார்கள்.